கரண்டில் போட்டுப் பார்க்காத பெட்டி

யோகராசாவிடம் குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலை கூடக் கிடையாது. கல்யாணம் பேசியபோது பெண்வீட்டார் இதையெல்லாம் நாலு இடத்தில் விசாரித்து, நல்ல பொடியன் என்று உறுதியான பிறகுதான் மாப்பிள்ளை எடுத்தார்கள். பழைய அம்பிளிபயர் கண்டால் வாங்குவானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கெட்ட பழக்கம் உலகத்தில் உண்டென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

தொழில் என்னவோ அதுதான். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கம் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எதுவென்றாலும் லவுட்ஸ்பீக்கர் கட்டுவது யோகராசா. கட்டுவதோடு நிற்கமாட்டான். மைக் கையில் வந்துவிட்டால் அறிவித்தல் என்ற பெயரில் அரைமணி நேரம் பேசுவான். காணாமல்போன செருப்பைப் பற்றிக்கூட அவன் கண்கலங்கும்படி அறிவித்ததாக ஊரில் பேச்சு உண்டு.

புதுப் பெட்டி அவனுக்கு ஆகாது. சவூதியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் மினுமினுப்பான சாமான்களை ஒரு விரலால் தட்டிப் பார்த்து, "இதுக்குத் தொண்டையே இல்ல" என்று தள்ளிவிடுவான். இரும்புப் பெட்டி வேண்டும், இருவர் தூக்கவேண்டும், உள்ளே தேங்காய் பருமனில் ஒரு ட்ரான்ஸ்போமர் இருக்கவேண்டும். சண்டைக் காலத்தில் அப்படியான சாமானுக்குப் பஞ்சமில்லை. ஊரை விட்டுப் போகிறவர்களும் மூடிப்போன சங்கங்களும் பாரமானதையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளியதெல்லாம் யோகராசாவின் வீட்டில் வந்து சேர்ந்தது.

பழைய பெட்டியில் என்னென்ன கெடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். வாவியின் உப்புக் காற்றில் மூட்டெல்லாம் பச்சை பிடிக்கும். கொண்டென்சர்கள் காய்ந்து வயிறு ஊதும். வயரின் தோல் பொரிந்து உதிர்ந்து, கரண்ட் தன் பாதையை விட்டுப் பெட்டியின் உடம்புக்கு ஏறிக்கொள்ளும். இதையெல்லாம் மற்றவனுக்கு விளக்கமாக எடுத்துச் சொல்லுவான். தான் வாங்கப் போகும்போது மட்டும் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை ஆகிவிடுவான்.

மனைவி சீதேவிப்பிள்ளை கனகாலம் பொறுத்தாள். பொறுமை முடிந்தது அவள் தங்கையின் கல்யாணத்தன்று. தாய்மாமன் வாழ்த்துரைக்க எழுந்து மைக்கைப் பிடித்து "அன்பார்ந்த" என்றார். "பெரியோர்களே" வரவில்லை. மாமன் மைக்கோடு சேர்ந்து ஆடத் தொடங்கினார். சந்தோசத்தில் ஆடுகிறார் என்று சனம் கைதட்டியது. சீதேவிதான் ஓடிப்போய் உலக்கையை எடுத்துவந்து வயரைத் தட்டிவிட்டாள். மாமன் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு அவர் எந்தக் கல்யாணத்திலும் வாய் திறக்கவில்லை.

"இஞ்ச பாருங்க, சொல்லிப்போட்டன்" என்றாள் சீதேவி, சனமெல்லாம் போன பிறகு. "இனி ஒரு பழைய பெட்டி இந்தக் கடப்பால உள்ள வந்தா, நீங்களும் அதோட வெளிய போயிரணும். இது என்ட வீடு."

அது அவள் வீடுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவன். கடப்படியைக் காட்டி வெளியே போ என்று சொல்கிற உரிமை அவளுக்கு உண்டு, திருப்பிச் சொல்ல அவனுக்கு வழியில்லை. அதனால் யோகராசா தலையாட்டினான். மனதாரத்தான் ஆட்டினான், அதையும் சொல்லவேண்டும்.

அந்த வருசம் சமாதானம் என்று ஒன்று வந்தது. நாலு மாதம் கூட நிற்கவில்லை, ஆனாலும் வந்தது. வள்ளத் துறையில் கெடுபிடி குறைந்தது, வாவிக்கு இக்கரையும் அக்கரையும் சனம் போய்வரத் தொடங்கியது. யோகராசா பிறந்த ஊர் அக்கரையில், படுவான்கரையில் இருந்த விளாந்துறை. அந்த ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலின் வண்ணக்கர் கந்தப்போடி வள்ளம் ஏறி அவனைத் தேடி வந்தார். கோயில் நிர்வாகம் முழுவதும் அவர் கையில்தான்.

"தம்பி, இந்த முறை வைகாசிச் சடங்கு பெரிசா வைக்கப் போறம்" என்றார். "எங்கட சனம் பாதி இஞ்சாலதான் கிடக்கு. வரக்கூடியதுகள் வரட்டும். வரமாட்டாததுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கேக்கணும். வாவி தாண்டிக் கேக்கணும்."

"கேக்கும் பெரியப்பா" என்றான் யோகராசா. வாக்குக் கொடுத்த பிறகுதான் தன்னிடம் இருக்கும் எந்தப் பெட்டியும் வாவியில் பாதித் தூரம் கூடப் போகாது என்பது நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் காலையில் காத்தான்குடியில் பதியுதீன் நானாவின் கடையில் நின்றான்.

பதியுதீன் முன்பக்கம் அத்தரும் சாம்பிராணியும் விற்பார், பின்பக்கம் பழைய மின்சாமான். இரண்டும் எப்படி ஒரே கூரைக்குள் வந்தன என்று அவருக்கே தெரியாது. யோகராசாவைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க, உங்கட வருத்தத்துக்கு மருந்து ஒண்டு வந்திரிக்கி."

சாக்கை விலக்கினார். சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டி, முகப்பு முழுக்கக் கறுப்புக் குமிழ்கள், சிவப்பு விளக்கு. கொழும்பில் குதிரைப் பந்தயம் நடந்த காலத்தில் திடல் முழுக்கப் பேசிய பெட்டி என்று லொறிக்காரன் சொன்னானாம். யோகராசா தூக்கிப் பார்த்தான், தூக்க முடியவில்லை. அந்த இடத்திலேயே மனம் பறிபோய்விட்டது.

ஆனாலும் பரிசோதிக்காமல் வாங்குகிறவன் அல்ல அவன். மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டான். கருகிய பெட்டியை மோந்தால் தெரிந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. பெட்டிக்குள் மல்லிகை அத்தர் மணத்தது. இவ்வளவு மணமான பெட்டியை அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

அடுத்தது சத்தம். அன்றைக்கு ஊரில் கரண்ட் இல்லை. அது ஒரு செய்தியும் அல்ல, கரண்ட் இருந்தால்தான் அந்த நாட்களில் செய்தி. பதியுதீன் லொறிப் பற்றறி ஒன்றை இழுத்து வந்து வயரைக் கொடுத்தார். யோகராசா மைக்கில் "ஹலோ" என்றான். தெருவில் போன மாடு நின்று திரும்பிப் பார்த்தது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, அவன் குரல் தேனாக வந்தது.

"பொய் சொல்லி விக்க மாட்டன்" என்றார் பதியுதீன். "பற்றறிலதான் பாத்த. கரண்டில போட்டு நான் பாக்கல்ல. பின்னேரம் கரண்ட் வருமெண்டு சொல்றாங்க. இரிங்க, ஒரு பிளேன்ரீ குடிப்பம், வந்தாப் போட்டுப் பாத்திட்டு எடுத்துப் போங்க."

"பற்றறில பேசுற பெட்டி கரண்டில பேசாதா நானா?"

நியாயமான பேச்சுப் போலத்தான் இருக்கிறது. கரண்டை நம்பாமல் வாழப் பழகிய ஊரில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள், விற்றார்கள். ஆனால் பற்றறியில் ஓடும்போது பெட்டியின் பாதி உறங்கிக்கொண்டிருக்கும். கரண்டை வாங்கிப் பதப்படுத்திக் கொடுக்கிற ட்ரான்ஸ்போமரும் பெரிய கொண்டென்சர்களும் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன. வயதான பெட்டியில் முதலில் கெடுவதும் அவைதான். இதுவும் யோகராசாவுக்குத் தெரிந்த பாடம். தேன் குரல் காதில் இருந்ததால் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

பெட்டியைக் கைவண்டியில் ஏற்றித் துறைக்குப் போகும் வழியில் உடுப்பு எடுக்க வீட்டடியில் நின்றான். வண்டியைக் கவனமாகக் கடப்புக்கு வெளியே நிறுத்தினான். எப்படியோ கதை அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சீதேவி கடப்படியில் நின்றாள். அவன் சாரனும் சேட்டும் ஒரு உரப்பைக்குள் மடித்துக் கட்டியபடி அவள் காலடியில் இருந்தன.

"பெட்டி வெளியதானே நிக்குது" என்றான் யோகராசா.

"நீங்களும் வெளியதான் நிக்கிறீங்க."

"கோயில் வேல சீதேவி. சடங்கு முடிய வந்திருவன்."

"வாறதெண்டாத் தனிய வாங்க."

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அது வேறு. உரப்பையை எடுத்துத் தோளில் போட்டு "நான் போறன்" என்றான். வீட்டை விட்டுப் புறப்படுகிறவன் "போயிற்று வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். செத்த வீட்டில் கூடக் கவனமாகப் பேசுகிறவன், தன் வீட்டு வாசலில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

துறையில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்து, மணத்துக்கு மூக்கை உறிஞ்சி, போகலாம் என்றான். கூடக் கொண்டுபோன பற்றறியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். சமாதானத்திலும் பற்றறி அக்கரை போகக்கூடாதாம். பரவாயில்லை, உன்னிச்சைப் பக்கத்தில் ஒரு பெரிய வயற்காரப் போடியாரிடம் ஜெனரேற்றர் இருக்கிறது, சடங்குக்குத் தருகிறேன் என்று கந்தப்போடியிடம் சொல்லியிருக்கிறார். யோகராசா நிம்மதியாக வள்ளம் ஏறினான்.

அவன் அக்காவின் வீட்டில் போய் இறங்கி, கோபம் ஆறி, போய்ச் சமாதானம் பேசுவோம் என்று நினைத்திருந்த வாரத்திலேயே நாட்டுச் சமாதானம் முறிந்தது. துறையை மூடிவிட்டார்கள். வள்ளம் இல்லை, தபால் இல்லை. ஹெலி சுற்றியது, எறிகணை வயலுக்குள்ளும் சில நேரம் வீடுகளுக்குள்ளும் விழுந்தது. விழுகிற சத்தம் வாவி தாண்டிப் போகும் என்பது யோகராசாவுக்குத் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்கரையில் ஒருத்தி நெஞ்சில் கைவைத்து நிற்பாள் என்பதும் தெரியும். தான் உயிரோடிருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல ஒரு வழியில்லை. கடைசியாகச் சொன்னது "போறன்" என்பது. சோறு இறங்கவில்லை அவனுக்கு.

"மெலிஞ்சிற்றாய் தம்பி" என்பாள் அக்கா.

"வெயில்" என்பான்.

இருந்தது ஒரே ஒரு வழி. சடங்கு நிற்காது என்று கந்தப்போடி சொல்லிவிட்டார். இராத்திரிச் சடங்கைப் பகலுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வைகாசியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து கிழக்கே, நேராக எழுவான்கரையைப் பார்த்து வீசும். விளாந்துறையின் கரையிலிருந்த புளியமரத்தில் லவுட்ஸ்பீக்கர் குழாய்களை வாவியைப் பார்த்துக் கட்டினால், காற்றே குரலைத் தூக்கிக்கொண்டு போய்த் துறையில் வைக்கும். அவளும் சடங்குச் சத்தம் கேட்கத் துறைக்கு வருவாள், எப்போதும் வருகிறவள்தான். நடுவில் ஒரு அறிவித்தல். விளாந்துறை யோகராசா சுகமாக இருக்கிறார், துறை திறந்ததும் வீட்டுக்கு வருவார். அரைமணி நேரம் பேசுகிற மனிதன் இந்த ஒரு வசனத்தை ஒரு மாதமாகத் தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்தான்.

ஜெனரேற்றர் முதல்நாளே வந்துவிட்டது. ஒருக்கா ஓட்டிப் பார்ப்போம் என்றான் யோகராசா. கந்தப்போடி எண்ணெய்க் கானை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். சொட்டுச் சொட்டாகச் சேர்த்த எண்ணெய், அம்மாளுக்கு நேர்ந்தது, பரிசோதனைக்கு ஒரு துளி தரமாட்டார். ஊரிலிருந்த ஒரே உழவு மெசினின் பற்றறியோ எப்போதோ செத்துவிட்டது, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். ஆக, அந்தப் பெட்டி தன் முதுமையில் முதன்முதலாகக் கரண்டைக் கண்டது அம்மனைக் குளிர்விக்கும் கடைசி நாளான குளிர்த்தியன்று காலையில், ஊர் முழுக்க வேப்பிலையோடு கூடி நின்ற வேளையில்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி "ம்ம்" என்றது. முதலில் ஒரு வண்டு போலத்தான் இருந்தது. பிறகு அந்த வண்டு வளர்ந்தது, குழாய்கள் அத்தனையும் உறுமின, புளியமரத்துக் காகமெல்லாம் கிளம்பிவிட்டன. "பொம்மர்" என்று யாரோ சொல்ல, சனத்தில் பாதி பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டது. பூசாரியார் செம்போடு இறங்கினார்.

யோகராசா மைக்கில் கத்தினான். அவன் குரல் உறுமலுக்குள் விழுந்து கரைந்துபோயிற்று. நிறுத்தினான். குழிக்குள் இருந்தவர்கள் தலையை நீட்டினார்கள். மறுபடி போட்டான், தலைகள் உள்ளே போயின. ஒன்றும் பயமில்லை, பழைய பெட்டி சூடேறினால் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் சைகையால் விளங்கப்படுத்தினான். போட்டான், நிறுத்தினான், வயரை மாற்றிப் போட்டான், மூடியைத் திறந்தான். உள்ளே கொண்டென்சர்கள் பொங்கிய அப்பம் போல வயிறு ஊதி நின்றன. கண்ணால் கண்டபிறகும் மூடிவிட்டு மறுபடி போட்டான்.

"காணும் தம்பி" என்றார் கந்தப்போடி. "அம்மாளுக்கு வெறுந் தொண்டையே காணும்."

"ஒரே ஒருக்கா பெரியப்பா."

அந்த ஒருக்கா கோயிலுக்காக இல்லை என்பது அவனுக்கே தெரியும். ஒரு வசனம், அது மட்டும் போய்விட்டால் பெட்டி எரிந்து சாம்பலானாலும் சம்மதம். வாயை மைக்கோடு ஒட்டி "சீதேவி" என்றான். பெட்டிக்குள் யானைவெடி வெடித்தது போல ஒரு சத்தம், கறுத்த புகை. கருகிய நாற்றம் மூக்கைப் பிடித்தது. அத்தர் மணத்தின் சுவடே இல்லை. அதற்குப் பிறகு குழாய்கள் ஒன்றும் பேசவில்லை.

குளிர்த்திப் பாட்டைக் கந்தப்போடியும் பெண்களும் வெறுந் தொண்டையில் பாடினார்கள். அருமையாகத்தான் பாடினார்கள், அம்மாள் குளிர்ந்திருப்பாள். யோகராசா புளியமரத்தின் வேரில் குந்தி, அக்கரையில் கோடாகத் தெரிந்த தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பேசிய வாய், பேசவேண்டிய ஒரு நாளில் ஒரு பெயரைக் கூடக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று அழுகை வந்தது. அழுதான்.

ஆனி கடைசியில் துறையை ஒள்ளுப்பம், கொஞ்சமாக, திறந்தார்கள், பாஸ் உள்ளவர்களுக்கு மட்டும். முதல் வள்ளத்தில் யோகராசா வந்தான். பெட்டியை விளாந்துறையிலேயே விட்டுவிட்டான். தனிய வா என்றாளே, தனியத்தான் வருகிறேன் என்று சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தான்.

சீதேவி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையிலிருந்த சுளகு விழுந்தது. ஓடிவந்து அவன் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள், விரல் விரலாகப் பார்த்தாள். மெலிந்து கண் குழிந்திருந்தாள். அவன் யோசித்து வந்த பகிடி எங்கேயோ போய்விட்டது.

"என்ன பாக்கிறாய்?"

"விளாந்துறை அம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கன்" என்றாள். "நீங்க உசிரோட வந்தாக் கோயிலுக்கு அம்பிளிபயர் ஒண்டு குடுக்கிறதெண்டு. புதுசு. ஆரும் தொடாத புதுசு."

"புதுசா?" என்றான் யோகராசா. பழக்கதோசம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "ஏன் சீதேவி, ஒரு நல்ல பழைய..."

"நான் துறையில நிண்டனான்" என்றாள் அவள். "அண்டைக்கு ஒரு இரைச்சல் வந்தது. நிண்டது, மறுகா வந்தது, மறுகா நிண்டது. பக்கத்தில நிண்ட சனம் அது ஏதோ எஞ்சின் எண்டாங்க. பழுதான பெட்டியத் திரும்பத் திரும்பப் போடுறதுக்கு ஆர் இருக்கிறாங்க? என்ட மனிசன் இருக்கிறார் எண்டு எல்லாரிட்டயும் சொன்னன். சிரிச்சனான் கூட."

யோகராசாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உனக்குக் கேட்டதா?"

"கேட்டது. மறுகா பெரிசா ஒண்டு வெடிச்சிது. அதுக்குப் பிறகு ஒண்டுமில்ல. இப்ப போடுவார், இப்ப போடுவார் எண்டு பொழுது சாயுமட்டும் தண்ணிக்குள்ள நிண்டன். நீங்க போடல்ல. உசிரிருந்தாப் போடாம விடுற ஆளா நீங்க? கரண்ட் அடிச்சிற்று எண்டு நினைச்சன். இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சிக்கிட்டு இருந்தன்."

தன் குரல் போய்ச் சேரவில்லையே என்று இத்தனை நாள் அழுதவன், அந்தப் பெட்டி வாயை மூடியதை இக்கரையில் ஒருத்தி கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவள் இன்னும் அவன் கையை விடவில்லை.

"புதுசே வாங்குவம்" என்றான்.